ஆள் இறங்குற கயிறு

தேனி கடைவீதியில் கயிறு வாங்கப் போனால் எத்தனை மீட்டர் என்பார்கள், நைலானா நாரா என்பார்கள். கயிற்றுக்கடை அக்காவிடம் முதல் கேள்வியே வேறு.

"பாரம் இழுக்கவா, ஆள் இறங்கவா?"

முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்து, கம்பத்தில் பஸ் மாறி, மண்டையைப் பிளக்கிற வெயிலில் வந்து நிற்கிறேன். "கயிறு கேட்டா கயித்தைக் குடுங்கக்கா. பொண்ணா கேட்டு வந்திருக்கேன், இம்புட்டு விசாரிக்கிறீக?" என்றேன். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"சொன்னாத்தான் தம்பி தருவேன். பாரம்னா இந்தப் பக்கம். ஆளுன்னா அந்தப் பக்கம்."

இந்தப் பக்கம் மாட்டுக்கு, லாரிக்கு, பந்தலுக்கு என்று சுருள் சுருளாகத் தொங்கின. அந்தப் பக்கம் வெயில் படாமல் ஒரு பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்தார். அதிலிருந்து வாங்கினால் ஒரு நுனியில் வெள்ளை டேப் சுற்றி, அன்றைய தேதியைப் பேனாவால் எழுதித் தருவார். "அஞ்சு வருசம் கழிச்சு இதுல மாட்டைக் கட்டுங்க, மனுசனைக் கட்டாதீக" என்பார். தான் விற்கிற சரக்கு கெட்டுப்போகும் என்று சொல்லி விற்கிற வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன். இந்தக் கடை உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டே ஊர் திரும்பினேன். ஆனால் கிணற்றில் இறங்கித் தூர் அள்ளுகிறவர்கள், மோட்டார் தூக்குகிறவர்கள் எல்லாம், கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் அவரிடம்தான் வாங்கினார்கள். அதைப் பிறகுதான் கவனித்தேன்.

அவருக்குப் பெயர் உண்டு. நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லுகிற தகுதி எனக்கில்லை, ஏன் என்று கடைசியில் தெரியும்.

எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு மேற்கே, ஓடையைத் தாண்டினால் செங்குத்தாக ஒரு பாறை நிற்கும். ஆடுகூட ஏறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பைக்கில் இரண்டு பெண்கள் வந்து இறங்கினார்கள். ஒருவர் கயிற்றுக்கடை அக்கா. சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தார். கூட வந்தவர் போடியில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். பைக்கை எங்கள் மோட்டார் ரூம் பக்கத்தில் விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். எதற்கு என்றேன். பாறை ஏற என்றார்கள்.

"மேல கோயில்கூட கெடையாதேக்கா. ஏறி என்ன கெடைக்கும்?"

"இறங்குறதுக்கு வழி கெடைக்கும்" என்றார் அக்கா.

என் மனைவி அன்றிரவு சோறு போடும்போது, "என்ன வேண்டுதலோ, பாவம்" என்றாள். வேண்டுதலும் இல்லை, வேடிக்கையும் இல்லை. அக்கா டெல்லியில் வேலை பார்த்த காலத்தில் இமயமலைப் பக்கம் போய் மலையேறப் பழகியவர். அப்புறம் நேபாளம், தாய்லாந்து, ஸ்விட்சர்லாந்து என்று எங்கெங்கோ போய் ஏறியிருக்கிறார். அப்பா போனபின் கடையைப் பார்க்க ஆளில்லாமல் தேனிக்கு வந்துவிட்டார். இதெல்லாம் நானாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. அவராக வாயைத் திறக்க மாட்டார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கிய அந்த இரண்டு பேரும் பாறையில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார்கள். டீச்சர் இடுப்பில் போட்ட முடிச்சை அக்கா தொட்டு, இழுத்து, எண்ணிப் பார்ப்பார். அக்கா போட்டதை டீச்சர் பார்ப்பார். பார்த்து முடிக்கும்வரை ஒரு பேச்சு கிடையாது. ஒருநாள் அந்த நேரம் பார்த்து "டீ குடிக்கிறீகளா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, போட்ட முடிச்சை முழுக்க அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து போட்டார். எனக்கு மூஞ்சி சுருங்கிவிட்டது.

"இருவது வருசமாப் போடுற முடிச்சு. இன்னமுமா சந்தேகம்?" என்றேன், ஏறி இறங்கி வந்தபின்.

"புதுசா வர்றவக பயந்து பயந்து நாலு தடவை பாப்பாக தம்பி. எங்களை மாதிரி ஆளுகதான் பேசிக்கிட்டே பாதி முடிச்சைப் போட்டுட்டு ஏறிருவோம். செத்தவக நெறையப் பேரு நல்லாத் தெரிஞ்சவகதான்."

எங்கே போனாலும் அவர் இப்படித்தான். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருமுன் நாலு காலையும் கையால் அழுத்திப் பார்ப்பார். என் மனைவிக்கு முதலில் ரோஷம். "நம்ம வீட்டு நாற்காலி அம்புட்டு மட்டமாப் போச்சா?" என்று அடுப்படியில் முணுமுணுத்தாள். பிறகு ஒரு கல்யாண வீட்டில் என் பெரியப்பா நாற்காலியோடு மல்லாந்து விழுந்தார். அன்றிலிருந்து அவளும் அழுத்திப் பார்த்துத்தான் உட்காருவாள். அக்கா வந்தால் முறுக்கும் அதிரசமும் தட்டு நிறைய வரும். "நீங்க ஒருத்தருதான் அக்கா ஒழுங்கா வாழுறீக" என்று வாய்விட்டே சொல்லுவாள்.

மலைக்கதை கேட்டால் எங்களுக்கு உச்சிதான் வேண்டும். அங்கே என்ன இருந்தது, கொடி நட்டீர்களா, போட்டோ எடுத்தீர்களா என்று. அக்கா கதையில் உச்சியே வராது. தாய்லாந்தில் கடலை ஒட்டிய பாறையில் ஏறியதைச் சொல்லுவார். பாறையில் அடித்து வைத்த எவர்சில்வர் ஆணிகள் வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னுமாம். உப்புக்காற்று உள்ளே புகுந்து அரித்திருக்குமாம். ஒன்றைச் சும்மா தட்டிப் பார்த்தாராம், கையோடு வந்துவிட்டதாம். அதோடு கதை முடிந்தது.

ஸ்விட்சர்லாந்தில் பனி மேல் மூன்று பேர் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு நடந்தார்களாம். முன்னால் போனவர் பனி வெடிப்புக்குள் விழுந்துவிட்டார். பின்னால் இருக்கிறவர்கள் யோசிக்கவே கூடாது, அந்த நொடியே குப்புற விழுந்து பனியில் கோடரியைக் குத்திக்கொள்ள வேண்டும். அக்கா விழுந்து குத்தினார். அரைமணி நேரம் போராடி ஆளை மேலே எடுத்தார்கள்.

"வந்ததும் அழுதுட்டாரா?" என்றாள் என் மனைவி.

"இல்ல. என் முடிச்சைத்தான் தொட்டுப் பாத்தாரு."

நேபாளக் கதைதான் எனக்குப் பொறுக்கவில்லை. உச்சி கண்ணுக்குத் தெரிகிறதாம். இன்னும் ஒரு மணி நேரம்தான். அந்தச் சரிவில் ஒவ்வொரு வருஷமும் ஏறுகிறவர்கள் கட்டிவிட்டுப் போன கயிறுகள் அப்படியே தொங்குமாம். அந்த வருஷத்துக் கயிறு எது, முந்தைய வருஷத்துக் கயிறு எது என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். மேகம் வந்து மூடிவிட்டது. எல்லாக் கயிற்றிலும் பனி ஒட்டி ஒரே மாதிரி இருந்தது. அக்கா திரும்பிவிட்டார்.

"ஏதாச்சும் ஒண்ணைப் புடிச்சு இழுத்துப் பாத்துட்டு ஏறியிருக்கலாம்ல?" என்று கத்தியே விட்டேன்.

"இழுக்குறப்ப தாங்கும் தம்பி. ஏறுறப்ப அறும். எங்கிட்டிருந்து வந்துச்சு, எத்தனை நாளாக் கெடக்குதுன்னு தெரியாத கயித்துல நான் தொங்க மாட்டேன்."

எனக்கு அது கோழைத்தனமாகத்தான் பட்டது. அவ்வளவு தூரம் போய், வாய்வரைக்கும் வந்த சோற்றைக் கீழே வைத்துவிட்டு வருவதாவது.

இனி நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாறையின் மேலிருந்து தேங்காய் அளவு கல் ஒன்று பெயர்ந்து விழுந்தது. யார் மேலும் படவில்லை. கீழே கிடந்த கயிற்றின் மேல் விழுந்தது. ஊதா நிறக் கயிறு, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்கா மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து அதை விரல் விரலாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. அமுக்கினார், மடக்கினார். "செத்துப்போச்சு" என்றார். நானும் வாங்கிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

செத்த கயிற்றை அவர் சும்மா தூக்கி எறிய மாட்டார். முழம் முழமாக வெட்டிவிடுவார். யாராவது எடுத்து ஆள் இறங்கப் பயன்படுத்திவிடக் கூடாது என்று, மலையேறுகிறவர்கள் எல்லோருக்கும் அது பழக்கமாம். என்னிடம் அரிவாள் கேட்டார். நான் எடுத்து வருவதற்குள் அவருக்கு போன் வந்தது. அவருடைய அம்மா மயங்கி விழுந்துவிட்டார். டீச்சர் பைக்கைக் கிளப்பிவிட்டார்.

"தம்பி, நீங்க வெட்டிருங்க. முழத்துக்கு மேல ஒரு துண்டு இருக்கக் கூடாது."

"நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கிறேன்."

வெட்டவில்லை. அரிவாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மனசு வரவில்லை. கயிறு அவ்வளவு நன்றாக இருந்தது. எங்கள் ஊரில் அறுந்த கயிற்றையே முடிச்சுப் போட்டு பத்து வருஷம் ஓட்டுவோம். அறாத கயிற்றை வெட்டுகிற கை எங்களுக்குக் கிடையாது. சுருட்டி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டினேன். இரண்டு நாள் கழித்து அம்மாவைப் பற்றிக் கேட்க போன் செய்தபோது, அவர்தான் ஞாபகமாகக் கேட்டார்: "கயித்தை வெட்டிட்டீகளா தம்பி?"

"அன்னைக்கே வெட்டியாச்சு" என்றேன். கூசாமல் வந்தது.

மாட்டைக் கட்டினேன், எரு மூட்டை இழுத்தேன். தேக்கு மாதிரி நின்றது. பத்திருபது நாளில் அது செத்த கயிறு என்பதே எனக்கு மறந்துபோனது.

ஒன்றரை மாதம் கழித்து கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. அடியில் ஃபுட் வால்வில் ஏதோ அடைத்திருந்தது. எழுபதடிக் கிணறு. என் மச்சினன் ஆண்டிபட்டியில் மோட்டார் வேலை பார்க்கிறவன். என் மனைவிக்கு ஒரே தம்பி. அம்மா இல்லாத பிள்ளை, இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள் அவள்தான். "வாடா மாப்ள" என்றேன், வந்தான். இடுப்பில் அந்த ஊதாக் கயிற்றைக் கட்டி, மறு நுனியைத் தென்னை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நான்தான் விட்டுக் கொடுத்தேன். "கயிறு பட்டுக்கணக்கா இருக்கு மச்சான், எங்க புடிச்சீக?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினான்.

அவன் அடியில் பாறைத் திட்டில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பைக் சத்தம் கேட்டது. அம்மாவுக்குத் தேவலையாகி, அன்றுதான் அக்கா மறுபடி பாறைக்கு வந்திருந்தார். கிணற்றங்கரைக்கு வந்தவர் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். குரலே உயரவில்லை.

"உள்ள ஆள் நிக்குதா, தொங்குதா?"

"நிக்கிறான்."

"அங்கனயே நிக்கச் சொல்லுங்க. ஏறக் கூடாது."

நான் கிணற்றுக்குள் குனிந்து, "அங்கனயே நில்லுடா, ஏறாத" என்று கத்தினேன். அவர் தன் பையிலிருந்து வேறு கயிறு எடுத்தார். தென்னையைத் தட்டிப் பார்த்தார், அடிவேரைக் காலால் அழுத்திப் பார்த்தார், கட்டினார். டீச்சர் முடிச்சைத் தொட்டுப் பார்க்கும்வரை நின்றார். உள்ளே என் மாப்பிள்ளை நிற்கிறான், இந்த அவசரத்திலும் அந்தச் சடங்கை அவர் விடவில்லை. பிறகு இறங்கினார். அவனைத் தன் கயிற்றில் மாற்றிக் கட்டினார். முதலில் அவன் வந்தான், பின்னால் அவர் வந்தார்.

அதற்குள் என் மனைவி சோற்றுவாளியோடு வந்து நின்றாள். அக்கா கத்தியை எடுத்து, ஊதாக் கயிற்றில் தடவிப் பார்த்து, ஓரிடத்தில் கீறினார். வெளித்தோல் விலகியது. உள்ளே இழைகள் அறுந்து பஞ்சு பஞ்சாக நின்றன. நாலைந்து இழைதான் பாக்கி. மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். என் மனைவி வாளியைப் போட்டுவிட்டு அலறினாள்.

"ஆத்தாடி! யாரு குடுத்த கயிறு இது?"

நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னார். "என் கயிறும்மா. செத்த கயிறு. நான் நின்னு வெட்டிட்டுப் போயிருக்கணும். பாக்காம விட்டுட்டேன்."

"பாக்காம விட்டீகளா? ஊரு உலகத்துக்கெல்லாம் வியாக்கியானம் சொல்லுறீக, ஒங்க கயித்தை இப்படியா எறிஞ்சுட்டுப் போவீக? எந்தம்பி பொணமா வந்திருப்பானே! பிள்ளை குட்டி இருந்தா தெரியும் வலி!"

என்னென்ன சொல்லக் கூடாதோ எல்லாம் சொன்னாள். மண்ணை வாரித் தூற்றினாள். அக்கா தலை குனிந்து நின்றார். டீச்சர் என்னையே பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். வெட்டச் சொல்லிவிட்டுத்தான் போனார், வெட்டியாச்சு என்று பொய் சொன்னவன் நான் என்று இரண்டு வரி. தம்பியைக் கொல்லப் பார்த்தவன் என்று தெரிந்தால் அவள் என் வீட்டில் ஒரு நாள் இருப்பாளா என்ற பயம். நான் நின்றேன், ஈனப்பயல் மாதிரி நின்றேன்.

அக்கா அந்தக் கயிறு முழுவதையும் அங்கேயே உட்கார்ந்து முழம் முழமாக வெட்டினார். கிளம்பிப் போனார். பாறைக்கு அப்புறம் வரவே இல்லை.

பேச்சு பரவியது. என் மனைவி டவுன் பஸ்ஸில் சொன்னாள், ரேஷன் கடையில் சொன்னாள், மாப்பிள்ளை ஆண்டிபட்டியில் தன் கூட்டாளிகளிடம் சொன்னான். கிணற்றில் இறங்குகிறவனுக்குக் கயிற்றைப் பற்றி ஒரு சொல் போதும். கயிற்றுக்கடைக்காரி அத்துப்போகிற கயிற்றை ஆள் இறங்கக் கொடுத்தாள் என்று கடைசியில் அது வந்து நின்றது. பீரோப் பக்கம் போகிற ஆள் குறைந்தார்கள்.

நாலு மாதம் கழித்துத் தேனிக்குப் போனபோது கடையில் ஏறினேன். பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீங்க ஏங்க்கா அன்னைக்கு உண்மையைச் சொல்லலை?"

"நான் சொன்னது உண்மைதான தம்பி. ஒங்க வார்த்தையை நம்பிக் கயித்தைப் பாக்காம விட்டது நான்தான். அது என் பங்கு." பிளாஸ்க்கை மூடி வைத்தார். "ஒங்க பங்கை நீங்களே சொல்லிக்கிருவீகன்னு நெனச்சேன்."

"சொல்லிருவேங்க்கா" என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த வருஷம் கடையைப் பூட்டிவிட்டு அம்மாவோடு வடக்கே போய்விட்டார். இமயமலை அடிவாரத்தில் ஏதோ ஊரில் இருப்பதாக டீச்சர் யாரிடமோ சொன்னாராம். கேட்டுப் போக எனக்குத் தைரியம் இல்லை. இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மாப்பிள்ளைக்கு இரண்டு பெண் குழந்தைகள். இன்றைக்கும் கிணற்றில் இறங்குகிறான். கயிற்றுப் பேச்சு வந்தால் அக்காவைத் திட்டிவிட்டுத்தான் இறங்குவான்.

காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை குடும்பத்தோடு வந்திருக்கிறான், அடுப்படியில் அக்காளும் தம்பியும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். சற்று முன் என் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அப்படி என்னத்தைத்தான் எழுதுறீக விடிஞ்சதிலிருந்து?"

"கயித்துக்கடை அக்காவைப் பத்தி."

"அந்தப் பொம்பளையைப் பத்தியா? எந்தம்பியைக் கொல்லப் பாத்தவளைப் பத்தி எழுத என்ன கெடக்கு?"

"தம்பியையும் கூப்பிடு" என்றேன். "ரெண்டு பேரும் வந்து உக்காருங்க."